கிழிசலின் கோணம்

“ஏம் பாப்பா, இரும்பைவிடப் பலமுங்கிற. அப்பறம் டேப்பு ஒட்டிப் பிச்சா ஏன் கிழியுது?”

சித்தப்பா இதைக் கேட்டது ஒரு பொங்கல் விடுமுறையில், தா.பழூர் வீட்டுத் திண்ணையில். பொன்னாற்றுப் பாசன வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் கிராஃபீனில் ஆராய்ச்சி செய்யச் சேர்ந்திருந்தேன். ஊரில் மற்றவர்கள் கேட்டால் ‘பென்சில் கரியில் ஆராய்ச்சி’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். சித்தப்பாவிடம் அது நடக்காது. எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரரான தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லிவந்த காலத்தில், காலையில் அதைக் கேட்காமல் சைக்கிளை எடுக்காதவர் அவர். எவ்வளவு பெரிய விஷயத்தையும் வரப்பில் நிற்கிறவருக்குப் புரியும்படி சொல்லலாம், சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அவர் கேட்டது சரியான கேள்வி. என் ஆய்வுக்காலத்தில் பாதியை அந்தக் கேள்விதான் எடுத்துக்கொண்டது.

கிராஃபைட் என்பது கரி அணுக்களால் ஆன ஏடுகளின் அடுக்கு. ஒவ்வோர் ஏட்டிலும் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர்; ஓர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். ஏட்டுக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலுவானது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஈர்ப்பு மட்டும். பென்சில் எழுதுவது அந்த மெல்லிய ஈர்ப்பு விட்டுக்கொடுப்பதால்தான். அடுக்கிலிருந்து ஒரே ஓர் ஏட்டைத் தனியே பிரித்தால் அது கிராஃபீன்.

2004 அக்டோபரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நவோசெலோவ் குழுவினர் அப்படிப் பிரித்ததை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் கையாண்டது கடையில் விற்கும் ஒட்டு டேப். நுண்ணோக்கியில் வைக்கும் கிராஃபைட் துண்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய அந்தத் துறையினர் எப்போதும் டேப்பை ஒட்டி உரித்துக் குப்பையில் போடுவார்கள். அந்த டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்ததைத்தான் இவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2010இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. குப்பைக்குப் போகவேண்டிய டேப் என்ற கதையை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கட்டம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்: டேப்பிலிருந்து வந்ததில் பெரும்பகுதி கிழிந்த துணுக்கு.

வேலை இப்படி நடக்கும். கிராஃபைட் செதில் ஒன்றை டேப்பில் வைத்து, டேப்பை மடித்து ஒட்டிப் பிரிப்போம். செதில் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். மீண்டும் வேறு இடத்தில் மடித்து ஒட்டிப் பிரிப்போம். சில தடவைக்குள் டேப் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள் மினுங்கும். இதற்குள் சிலிக்கான் சில்லுகளைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும். சில்லின் மேல் சுமார் 300 நானோமீட்டர் தடிமனுக்குச் சிலிக்கா படலம் இருக்கும். அந்தத் தடிமனில் ஓர் அழகு உண்டு: ஒரே ஓர் அணுத் தடிமனுள்ள ஏடுகூடச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஊதா நிறத் தளத்தில் அதைவிடச் சற்றே அழுத்தமான ஊதா. அடுக்கு கூடக்கூட நீலமாகும், இன்னும் தடித்தால் மஞ்சளாகிவிடும். டேப்பைச் சில்லின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் நிதானமாக அழுத்தித் தேய்த்து, பிறகு உரிப்போம். மிக மெதுவாக. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா டேப்பை உரிக்கும்போது பேசமாட்டார், பக்கத்தில் யாரையும் பேசவிடவும் மாட்டார்.

உரித்த பிறகு சில்லை நுண்ணோக்கியில் வைத்து வரிசை வரிசையாகத் தேட வேண்டும். பொழுது போவது தெரியாது. கிடைப்பவற்றில் முதலில் கண்ணில் படுவது விளிம்புகள். நேர்கோடாக ஓடி, சட்டென்று திரும்பி, மறுபடி நேராக ஓடும். திரும்பும் கோணத்தை அளந்தால் பெரும்பாலும் 30 பாகையின் மடங்காக வரும்: 30, 60, 90, 120. அறுகோண வலையில் கிழிசல் போவதற்குச் சுலபமான இரண்டு வகைத் திசைகள் இருக்கின்றன. அணுக்கள் கோணல்மாணலாக நிற்கும் ‘ஜிக்ஜாக்’ விளிம்பு ஒன்று. ‘ஆர்ம்சேர்’ என்ற நாற்காலிக் கை வடிவ விளிம்பு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 30 பாகை. கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் வரிசையை, ஒரு கிழிசல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரைந்து காட்டிவிடுகிறது. இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் சாப்பிடப் போகவில்லை.

கிடைத்தது ஒற்றை ஏடுதானா என்று உறுதிசெய்ய ராமன் நிறமாலை எடுப்போம். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல்தான் இன்று உலகம் முழுக்க கிராஃபீனுக்கு அடையாளச் சோதனை. 2006இல் கேம்பிரிட்ஜின் ஆந்த்ரியா ஃபெராரி குழுவினர், ஒற்றை ஏட்டின் நிறமாலை தனித்த வடிவம் கொண்டது என்று காட்டிய பிறகு இது வழக்கமாகிவிட்டது. இதே சோதனை கிழிசலையும் காட்டும். ஏட்டின் நடுவில் ஒளியைப் பாய்ச்சினால் இல்லாத ஒரு முகடு, விளிம்பில் பாய்ச்சினால் 1350 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழும். ஆர்ம்சேர் விளிம்பில் ஓங்கி நிற்கும், ஜிக்ஜாக் விளிம்பில் தணிந்துவிடும். கிழிசல் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அவரை ராமனின் உதவியாளர் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 1934இல் கிராஃபைட்டின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் அவர். 1939இல் கங்குலியோடு சேர்ந்து, கிராஃபைட் படிகம் ஏட்டின் வழியே மின்சாரத்தை நன்றாகவும், ஏட்டுக்குக் குறுக்கே பல ஆயிரம் மடங்கு குறைவாகவும் கடத்துகிறது என்று அளந்து சொன்னார். இந்த ஏடுகள் ஏறக்குறையத் தனித்தனியாக வாழ்கின்றன என்பதை, யாரும் அவற்றைத் தனியே பிரிப்பதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் தம் அளவீட்டில் கண்டிருக்கிறார். கிராஃபீன் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அவர் பெயர் வராதது எனக்கு ஆறாத வருத்தம்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பலம் என்று நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை. 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாங்கு லீ, ஜேம்ஸ் ஹோன் ஆகியோரின் குழு, ஒன்றிரண்டு மைக்ரான் அகலமுள்ள நுண்குழிகளின் மேல் கிராஃபீனை விரித்து, நடுவில் ஊசி முனையால் அழுத்திப் பார்த்தது. 130 கிகாபாஸ்கல் வரை தாங்கியது. அதுவரை அளக்கப்பட்ட எந்தப் பொருளும் இவ்வளவு தாங்கியதில்லை. ‘உலகிலேயே உறுதியான பொருள்’ என்று செய்தித்தாள்கள் எழுதியது இதை வைத்துத்தான்.

ஆனால் அந்த ஏட்டில் குறையே இல்லை. குழியின் மேல் விரிந்திருந்த பகுதியில் ஓர் அணுவும் விடுபடவில்லை, விளிம்பும் இல்லை. விரிசல் தொடங்க இடமே இல்லாத ஏடு அது. விரிசல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வேறு. அதற்கான கணக்கை 1921இலேயே இங்கிலாந்தில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் போட்டுவைத்தார். அவர் ஆராய்ந்தது கண்ணாடி. விரிசல் நீளும்போது இழுவையில் தேங்கியிருந்த ஆற்றல் விடுபடுகிறது. புதிய விளிம்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவைவிட மிஞ்சிய கணத்தில் விரிசல் நிற்காமல் ஓடும். 2014இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜுன் லோவும் ஜார்ஜியா டெக்கின் டிங் ஜுவும் தம் குழுவினரோடு, கிராஃபீனில் வேண்டுமென்றே ஒரு கீறலை வெட்டி இழுத்துப் பார்த்தார்கள். கிரிஃபித்தின் கணக்கு அப்படியே பொருந்தியது. விரிசலைத் தாங்கும் திறனுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் கிராஃபீனுக்குக் கிடைத்த எண் சுமார் 4. ஜன்னல் கண்ணாடிக்கு அது 1க்கும் கீழே. நல்ல எஃகுக்கோ கிராஃபீனைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

எஃகில் விரிசலின் முனையில் உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அணு வரிசைகள் வழுக்கி நகர்ந்து முனையை மழுங்கடித்துவிடும். அறை வெப்பநிலையில் கிராஃபீனின் அணுக்களுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. கோத்த கை கோத்தபடி நிற்கும், அல்லது அறும். ஒன்று அறுந்தால் அந்தச் சுமை முழுவதும் அடுத்த பிணைப்பின் மேல் விழும். பலமும் தாங்குதிறனும் ஒன்றல்ல என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். கிழிந்த துணுக்குகளை நாளெல்லாம் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

ஆனாலும் இது பாதி விடைதான். கிழியக்கூடியது என்பது சரி. டேப்பை உரிக்கும்போது ஏன் கிழிய வேண்டும்? மீதி விடை சித்தப்பாவின் கையில் இருந்தது.

நான் பள்ளியில் படித்த நாளில் அவர் ஜெயங்கொண்டம் கொட்டகைகளுக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் கேரியரில் போஸ்டர் கட்டு, ஹேண்டில்பாரில் பசை வாளி. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த பசை. துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, மாடும் வாய் வைக்காது என்பார். விடுமுறை நாட்களில் சைக்கிள் பாரில் நான். சிலால், காரைக்குறிச்சி, மதனத்தூர், அப்புறம் தஞ்சை அரண்மனைக்குச் சேலை நெய்த கோடாலிகருப்பூர். அவர் புதிய போஸ்டர் ஒட்டுவதற்கு முன், அந்த இடத்தில் இருக்கும் பழையதை உரிப்பது என் வேலை. முழுதாக வந்தால் எனக்கு லாபம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போடலாம். முழுதாக வரவே வராது. கீழ் ஓரத்தில் ஒரு பிடி பிடித்து மேலே இழுப்பேன். கிழிசல் இரண்டு பக்கமும் மேலே ஓடும். ஓட ஓட ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் ஒரு கூர் முனையில் சந்தித்துவிடும். கையில் ஒரு நீள முக்கோணம், சுவரில் அதே வடிவில் ஓட்டை.

“இழுக்குற எடத்துல மட்டும் இழுத்தா அப்படித்தான் போவும் பாப்பா. மொத்த ஓரத்தையும் ஒண்ணாக் கெளப்பணும். பசை எங்க கெட்டியாப் புடிச்சிருக்கோ அங்க நிக்கும், எங்க புடிக்கலியோ அங்க வந்துரும். ரெண்டும் சேர்ற எடத்துலதான் கிழியும்.” இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்து, ஊறும்வரை பீடி பிடிப்பார்.

அந்த முக்கோணத்தை நான் மீண்டும் பார்த்தது ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில். 2008இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்த கட்டுரை அது. யூஜேனியோ ஹாம், பெத்ரோ ரெயிஸ், பெனுவா ரோமன், என்ரிக்கே செர்டா முதலியவர்கள் எழுதியது. தளத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தால் அது ஏன் குறுகிக்கொண்டே போய் முனையில் முடிகிறது என்று அவர்கள் விளக்கியிருந்தார்கள். இழுக்கும் பட்டைக்கும் ஒட்டியிருக்கும் பகுதிக்கும் நடுவே படலம் வளைந்து ஒரு மடிப்பு உண்டாகிறது. வளைந்த அந்த மடிப்பில் ஆற்றல் தேங்கியிருக்கிறது. மடிப்பின் நீளம் குறைந்தால் அந்த ஆற்றலும் குறையும். அதனால் இரண்டு ஓரத்துக் கிழிசல்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஒட்டு எவ்வளவு வலுவோ, மடிப்பு அவ்வளவு கூர்மையாக வளையும், முக்கோணமும் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும். 2010இல் தீபஞ்சன் சென், நவோசெலோவ், ரெயிஸ், மார்க்கஸ் புய்லர் நால்வரும் இதே கணக்கை ஒற்றை அணுத் தடிமனுக்குக் கொண்டுபோனார்கள். கிராஃபீனும் அப்படியே முக்கோணமாய்க் குறுகிக் கிழிகிறது. கோடாலிகருப்பூர்ச் சுவரில் என் கையோடு வந்த வடிவம், அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சின்ன இடத்தில்.

நான் அன்று இரவே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே “அதான் நான் சொன்னேன்ல” என்றார்.

ஒரு சின்னக் கணக்கு இதை இன்னும் தெளிவாக்கும். எனக்குப் பிடித்த கணக்கு. மாணவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். கிராஃபீனைக் கிழிக்க, கிழிந்த பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 ஜூல் ஆகும் என்பது ரைஸ் குழுவின் அளவீடு. சிலிக்கா தளத்திலிருந்து ஒற்றை ஏட்டைப் பிரிக்க ஒரு சதுர மீட்டருக்கு 0.45 ஜூல் என்று 2011இல் கொலராடோவில் ஸ்காட் பன்ச் குழுவினர் அளந்தார்கள். 16 எங்கே, 0.45 எங்கே! கிழிப்பதுதான் கடினம் என்று தோன்றும். ஆனால் கிழியும் பரப்பு என்பது ஏட்டின் தடிமன், அதாவது 0.335 நானோமீட்டர், அதை நீளத்தால் பெருக்கினால் வருவது மிகச் சொற்பம். உரிக்கும் பரப்போ ஏட்டின் முழு அகலம். ஒரு மைக்ரான் நீளத்துக்குக் கிழிக்க ஆகும் ஆற்றலை 1 என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரான் பக்கமுள்ள சதுரத்தை உரித்தெடுக்க ஆகும் ஆற்றல் 80க்கும் மேல். உரிப்பதைத் தொடர்வதைவிடக் கிழித்துக்கொண்டு விலகிவிடுவது அந்த ஏட்டுக்கு அவ்வளவு மலிவு. விளிம்பில் ஒரு சிறு பிளவு மட்டும் இருந்தால் போதும். எந்த விளிம்பில்தான் பிளவு இல்லை?

கிராஃபீன் ஏன் கிழிகிறது என்று இப்போது யாராவது கேட்டால், முழு ஏடு எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் வியப்பு என்று சொல்வேன். அது கிடைப்பது மயிரிழை வித்தியாசத்தில். கிராஃபைட்டின் ஏடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க ஒரு சதுர மீட்டருக்கு 0.37 ஜூல், சிலிக்காவிடமிருந்து பிரிக்க 0.45. கீழே இருக்கும் பிடி மேலே இருக்கும் பிடியைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் டேப் மேலே போகும்போது கடைசி ஏடு சில்லிலேயே தங்கிவிடுகிறது. டேப் முறை முழுவதும் நிற்பது இந்த வித்தியாசத்தின் மேல்தான்.

அந்த 0.45 கிடைக்க ஏடு தளத்தை நெருங்கித் தொட்டிருக்க வேண்டும். இடையில் கொஞ்சம் காற்று, ஒரு நீர்ப்படலம், ஒரு தூசு இருந்தால் போதும், பிடி சரிந்துவிடும். அந்த இடத்தில் ஏடு படிகத்தோடு மேலே போகும். பக்கத்தில் நன்றாகத் தொட்டிருக்கும் இடத்தில் கீழே தங்கும். ஒரே ஏட்டை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் பிடித்திழுக்கிறார்கள். எல்லைக்கோட்டில் கிழிகிறது. ரெண்டும் சேர்ற எடத்துலதான் கிழியும்.

இதற்கு மருந்து 2015இல் வந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் யுவான் ஹுவாங், பீட்டர் சட்டர் குழுவினர் இரண்டு காரியம் செய்தார்கள். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சில்லைக் காட்டி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அழுக்கை எரித்தார்கள். டேப்பை ஒட்டிய பிறகு, உரிப்பதற்கு முன், சில்லை 100 பாகை செல்சியஸில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் சூடாக்கினார்கள். இடையில் சிக்கிய வாயு வெளியேறி ஏடு தளத்தோடு படிந்தது. கிடைத்த ஏடுகளின் பரப்பு 50 மடங்குக்கும் மேல் பெருகியது. எங்கள் கூடத்தில் அந்த முறையைச் செய்து பார்த்த அன்று, சீனியர் அக்கா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல் “வாடி, வந்து பாரு” என்று கூப்பிட்டார். பார்வைப் புலம் முழுவதும் ஒரே ஊதா. விளிம்பைத் தேடித் தளத்தை நகர்த்த வேண்டியிருந்தது.

எல்லாக் கிழிசலும் டேப்பால் வருவதில்லை. செதிலிலேயே இருந்து வருவதும் உண்டு. ஆய்வுக்கூடங்களுக்கென்று உயர் வெப்பத்தில் தயாரிக்கும் கிராஃபைட் மிகத் தூய்மையானது. ஆனால் அது சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் அகலமுள்ள சின்னப் படிகங்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது. சேர்மானக் கோடுகளில் எளிதாக விட்டுப்போகும். நிலத்தில் விளைந்த கிராஃபைட்டில் மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே படிகமாக இருக்கும். அதனால் பெரிய ஏடு வேண்டுபவர்கள் இயற்கைச் செதிலைத் தேடுகிறார்கள். இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடும் மிகத் தூய்மையான கிராஃபைட் கிடைக்கிறது. நம் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுப்பது பாறைக்குள் செதில் செதிலாகப் பதிந்திருப்பது. பாறையை உடைத்து, அரைத்து, நுரை மிதப்பு முறையில் கிராஃபைட்டைப் பிரிக்கிறார்கள்.

சிவகங்கைச் செதிலில் ஒற்றை ஏடு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு நண்பர் மூலம் கொஞ்சம் கிடைத்தது. ஏடு கிடைத்தது, ராமன் நிறமாலை சுத்தமாக வந்தது. சிறு ஏடுகள்தான். எந்த ஊர்ப் பாறையானாலும் அரைவையில் செதில் நசுங்கும், வளையும். வளைந்த இடத்தில் அடுக்குகள் மடிந்து ஒரு கோடு விழும். அந்தக் கோடு பிறகு என்றைக்காவது ஒரு கிழிசலின் தொடக்கமாகும். உலகச் சந்தையில் பெரிய செதிலுக்கு விலை அதிகம். அரைப்பதற்கு முன்பே கையால் பொறுக்கி எடுத்த செதிலில் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். நம் மண்ணிலிருந்து நல்ல ஏடு எடுக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

டேப்பும் இல்லாமல், யாரும் இழுக்காமல் கிராஃபீன் தானாகக் கிழிவதை 2016இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜேம்ஸ் அனெட், கிரஹாம் கிராஸ் இருவரும் காட்டினார்கள். வைர முனையால் ஒரு குத்து. குத்திய இடத்தில் ஏட்டின் ஒரு மடல் மடிந்து தன் மேலேயே படுத்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்த மடல் மெல்ல மெல்லக் கிழித்துக்கொண்டு, உரித்துக்கொண்டு, முன்னே நகர்கிறது. சிலிக்காவைத் தொடுவதைவிட இன்னொரு கிராஃபீனைத் தொடுவதில் அதற்கு ஆற்றல் லாபம். அதே முக்கோணப் பட்டை. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு காலம் தடுக்கப் பார்த்த கிழிசலை, இப்போது நாங்களே வேண்டுமென்று உண்டாக்குகிறோம். இரண்டு கிராஃபீன் ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறு கோணம் திருப்பி வைத்தால் எலக்ட்ரான்கள் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று 2011இல் பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் கணித்தார்கள். ஆனால் இரண்டு வெவ்வேறு ஏடுகளின் படிகத் திசைகளைத் துல்லியமாகப் பொருத்துவது எப்படி? 2016இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் டுடுக் குழு ஒரு வழி சொன்னது. ஒரே ஏட்டை எடுத்துக்கொள். போரான் நைட்ரைடு படிகம் ஒன்றை அதன் பாதிக்கு மேல் படியும்படி வைத்துத் தூக்கு. தொட்ட பாதி மேலே வரும், தொடாத பாதி தளத்தில் நிற்கும், எல்லைக்கோட்டில் ஏடு கிழியும். இரண்டு பாதியும் ஒரே படிகம் என்பதால் திசை ஒன்றே. தளத்தைத் திருப்ப வேண்டிய அளவு திருப்பி, மேல் பாதியைக் கீழ் பாதியின் மேல் இறக்கு. 2018இல் எம்.ஐ.டி.யில் யுவான் சாவோ, பாப்லோ ஹரியோ-ஹெரேரோ குழு இப்படிக் கிழித்து அடுக்கும் முறையில் 1.1 பாகை திருப்பி வைத்த அடுக்கு, 1.7 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தியது. பெங்களூரிலும் மும்பையிலும் இன்று இத்தகைய அடுக்குகளைச் செய்து அளக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு கட்சி. கிழித்தே அடுக்கலாம் என்கிறவர்கள் ஒரு பக்கம். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியாலோ லேசராலோ முதலில் வெட்டிக்கொண்டு பிறகு தூக்கலாம் என்கிறவர்கள் மறுபக்கம். நான் வெட்டும் கட்சி. கிழிக்கும்போது ஏட்டில் இழுவை தங்கிவிடுகிறது. அந்த இழுவையில் கோணம் கொஞ்சம் நகர்ந்தாலும் 1.1 பாகை 1.2 ஆகிவிடும், அடுக்கின் குணமே மாறிவிடும். கிழிசல் தன் 30 பாகைத் திசைகளைத் தேடிக்கொண்டு நமக்கு வேண்டாத பக்கம் ஓடவும் செய்யும். ஊசி நாம் போட்ட கோட்டில் போகும். ஆனால் வெட்டுவதற்கு முதலில் அகலமான ஒரு முழு ஏடு வேண்டும். அதற்காகச் சில்லைப் பிளாஸ்மாவில் காட்டி, டேப்பை ஒட்டி, 100 பாகையில் சூடாக்கி, பக்கத்தில் யாரையும் பேசவிடாமல் உரித்துக்கொண்டிருக்கிறேன்.